சக்கரத்தடியில் இருந்தவன் அண்ணாந்து பார்த்தது

என் கோமுவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக முறைத்துக்கொண்டிருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டாள், ஒரு நிமிஷம் ஓரிடத்தில் இருப்பதில்லை, பிறந்ததிலிருந்து கண்ணெதிரே கிடந்த அரிசிப் பானையை இன்றைக்குத்தான் யாரோ கொண்டுவந்து வைத்த மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்க்கிறாள் என்று எழுதியிருந்தாய். உன் அம்மா அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். முதல் இரண்டு தடவை நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். மூன்றாம் தடவை பாதியிலேயே கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பன்னிரண்டு வருஷமாக உன்னிடம் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் தட்டிக்கழித்து வந்திருக்கிறேன். இனியும் தள்ளிப்போட்டால் நான் மனுஷனில்லை. இன்லண்டு லெட்டரில் அடங்காது என்று கடைக்குப் போய் முழுத்தாள் வாங்கிவந்து, பட்டறையில் ஒரு சக்கரத்தைப் படுக்கப்போட்டு அதன்மேல் பலகை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சக்கரத்தைத் திட்டு, என்னைத் திட்டாதே.

முதலில் பிள்ளையைப் பற்றி. அவளை எந்நேரமும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளாதே. உன்னை நான் அப்படித்தான் வைத்திருந்தேன். தரையில் விட்டால் தேய்ந்துவிடுவாய் என்கிற மாதிரி தோளிலேயே சுமந்து திரிந்தேன், அதனால் உனக்கு இரண்டு வயசு வரை நம் வீட்டு முற்றம் எந்தப் பக்கம் என்றே தெரியாது. தூக்கிக்கொண்டு போனவனுக்குத்தான் வழி தெரியும், போனவளுக்குத் தெரியவில்லை. தரையில் விட்ட பத்தாவது நாள் நீ அடுக்களை, புறவாசல், மாட்டுத்தொட்டி எல்லாவற்றையும் சொந்தமாகக் கண்டுபிடித்துவிட்டாய். உன் கடிதத்தை வாசித்த அன்றைக்கு, பேத்திக்கு என்னதான் தெரிகிறது பார்ப்போம் என்று நானும் நம் நடுவீட்டில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். முப்பது வருஷம் குடியிருந்த வீடு, கோமு, அடையாளம் தெரியவில்லை. கதவு கோபுரத்து உயரத்துக்கு நிற்கிறது. பீரோவுக்குக் கால் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன் அடியில் இரண்டு மாசமாகத் தேடிக்கொண்டிருந்த என் சின்ன உளி கிடந்தது. உன் அம்மா உள்ளே வந்து, நான் கிடந்த கிடையைப் பார்த்து அலறிவிட்டாள். உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் திட்ட ஆரம்பித்தாள், முழங்கால் மடங்காத மனுஷன் படுத்தால் யார் தூக்கிவிடுவது என்று. அவள்தான் தூக்கிவிட்டாள்.

நான் வருஷத்தில் பதினோரு மாசம் மாட்டு வண்டிக்குச் சக்கரம் செய்கிறவன், ஆடி மாசத்தில் மட்டும் அம்பாள் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவன் என்பது உனக்குத் தெரியும். உன் மாப்பிள்ளைக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆகவே அவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். வடம் பிடிக்கிறவர்கள் தேரை இழுப்பார்கள், அதை நிறுத்துவது அவர்கள் வேலை இல்லை. உருண்டுவருகிற சக்கரத்துக்கு முன்னால் சரியான கணத்தில் மரக்கட்டையைச் செருகி நிறுத்துவதும், கொஞ்சம் சரித்துச் செருகித் திருப்பிவிடுவதும் எங்கள் வேலை. வலது முன்சக்கரம் என் அப்பாவுடையது, அவருக்குப் பிறகு எனக்கு வந்தது. இடது முன்சக்கரம் சுடலைமுத்து அண்ணாச்சியுடையது. இடுப்பை இரண்டாக மடித்து, சக்கரத்தின் மேலேயே கண்ணை வைத்து, நாலு ரதவீதியும் பின்னோக்கியே நடக்கவேண்டும். ஊரெல்லாம் தேர் பார்க்கும் நாளில் தேரைப் பார்க்காதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இருபத்தாறு ஆடித்தபசுக்குத் தேர் நடத்தினேன், தேரின் உச்சியில் என்ன நிறத்தில் துணி கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஆனால் குனிந்தவனுக்கு வேறொரு ஊர் தெரியும். தெற்கு ரதவீதி சமதளம் என்று நீ நினைக்கிறாய், நிமிர்ந்து நடக்கிற எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். குனிந்து பின்னோக்கி நடந்து பார், நடுவில் இருந்து மேற்கே அது இறங்கிக்கொண்டே போகிறது, கெண்டைக்கால் சொல்லிவிடும். ஆட்களையும் எனக்கு முகத்தால் அடையாளம் தெரியாது, காலால் தெரியும். அன்றைய பூசைச் செலவை ஏற்ற மண்டகப்படிக்காரர் பட்டு வேட்டிக்குக் கீழே செருப்பு இரண்டு இடத்தில் தைத்தது என்பதும், வடத்தை இழுப்பதாகப் பாவனை செய்துகொண்டு சும்மா தொட்டுக்கொண்டு வருகிறவர்கள் யார் யார் என்பதும் எனக்குத் தெரியும். இழுக்கிறவன் பெருவிரல் மண்ணைக் கவ்வும், இழுக்காதவன் விரல் மேலே தூக்கியிருக்கும். ஒரு வருஷம் ஒரு பெரிய மனிதரிடம், நீங்கள் இழுக்கவே இல்லையே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் இன்றுவரை என்னிடம் சக்கரம் வாங்குவதில்லை.

உன் அம்மாவை நான் கட்டிக்கொண்டதும் இந்தக் கூத்தால்தான். தெற்கு ரதவீதி ஓரத்தில் ஒரு ஜோடிக் கால் நின்றது. பருத்திக் காட்டுக் கரிசல் வெடிப்புக்குள் ஏறிப்போன குதிகால், கழுவியும் போகாத கறுப்பு. மற்ற கால்கள் எல்லாம் கூட்டத்தில் நெளிந்துகொண்டிருக்க, அந்தக் கால் மட்டும் அம்பாளைப் பார்க்க நுனிவிரலில் எம்பி எம்பிக் குதித்தது. அடுத்த வருஷமும் அதே இடத்தில் அதே கால். விசாரித்து, வீட்டாரை அனுப்பி, பெண் பார்க்கப் போனோம். நான் உட்கார்ந்தது முதல் எழுந்தது வரை தரையையே பார்த்தேன், அந்தக் கால்தானா என்று உறுதி செய்ய வேண்டாமா. பையன் எவ்வளவு அடக்கம், பெண்ணை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை என்று உன் தாத்தா ஊரெல்லாம் பெருமை பேசினார். உன் அம்மா மட்டும் ஏமாறவில்லை. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், என் முகத்தை எப்பத்தான் பாக்கப்போறீங்க என்று கேட்டாள். பார்த்தேன், முகமும் நன்றாகத்தான் இருந்தது. இதை எழுதுகிறேன் என்று தெரிந்து இப்போது அடுக்களையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்றும் அவளிடம்தான் படித்தேன். உனக்கு ஏழு மாசம் இருக்கும்போது கரிவலம்வந்தநல்லூரில் உன் பெரியம்மா வீட்டு விசேஷத்துக்கு நடந்து போனோம். உன் அம்மா இடுப்பில் நீ, தலையில் பலகார ஓலைப்பெட்டி. நான் மேல்துண்டை வீசிக்கொண்டு முன்னால். பாதி வழியில் அவள் உட்காரலாம் என்றாள். அந்தா கோபுரம் தெரியுது, ஒரு எட்டுல போயிரலாம் என்றேன். அதுவா, அது எங்கயோ கெடக்கு என்றாள். பேச்சு வளர்ந்து சண்டையாகிவிட்டது. இருவரும் ஒரே கோபுரத்தைப் பார்த்துக்கொண்டுதான் சண்டை போட்டோம். கடைசியில் அவள் உன்னை என் தோளிலும் பெட்டியை என் தலையிலும் ஏற்றிவிட்டு நடந்தாள். பத்து நிமிஷம் ஆகியிருக்காது, இன்னும் எவ்வளவு தூரம் என்று நான் கேட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், அந்தா கோபுரம் தெரியுது, ஒரு எட்டுல போயிரலாம் என்றாள். மாப்பிள்ளையோடு உனக்கு எப்போதாவது வாக்குவாதம் வந்தால், யார் சொல்வது சரி என்று பார்ப்பதற்கு முன்னால் யார் தலையில் பெட்டி இருக்கிறது என்று பார்த்துக்கொள். சுமக்கிறவனுக்குத் தூரம் கூடத்தான் தெரியும், அவன் பொய் சொல்லவில்லை.

இப்போது சொல்லவேண்டியதற்கு வருகிறேன். உனக்கு ஒன்பது வயசு. நீயும் உன் அம்மாவும் தெற்கு ரதவீதி ஜவுளிக்கடை மாடியில் நின்றீர்கள். அன்றைக்கு நல்ல ஆடிக்காற்று. தேர் மேற்கே வந்து மூலையில் திரும்பவேண்டிய இடம் நெருங்கியது, இறக்கம் வேறு. நான் குனிந்து பின்னோக்கி நடந்து வந்துகொண்டிருந்தேன். மேளம், கூச்சல் எல்லாவற்றுக்கும் மேலே உன் குரல் கேட்டது.

"எப்பா, மேல பாருங்க. அம்பா சிரிக்கா."

நீ ஒவ்வொரு வருஷமும் தேர் முடிந்ததும் என்னிடம் வந்து அம்பாள் எப்படி இருந்தாள் என்று வர்ணிப்பாய். நான் பார்க்கவில்லை என்று உனக்கு அப்படி ஒரு ஆதங்கம். அந்த வருஷம் எனக்குக் காட்டியே தீருவது என்று கூப்பிட்டாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. நான் நிமிர்ந்தேன். பதினைந்து வருஷம் குனிந்தே பழகிய கழுத்தை ஒரேயடியாக மேலே தூக்கினேன். அம்பாளைப் பார்க்கவில்லை. தேர் அப்படியே என்மேல் விழுந்தது. கண்ணால் கண்டேன், உச்சி சாய்ந்து என் தலைக்கு நேரே வந்தது. கட்டையைச் செருகாமல் கைவிட்டுவிட்டு ஒரே தாவலாக ஓரத்துக்குக் குதித்துவிட்டேன்.

தேர் விழவில்லை. நிறுத்தவேண்டிய இடத்தில் நிற்காமல் உருண்டுபோய், மூலைவீட்டுக்காரர் வாசல் வாறுகால் சாக்கடையில் ஒரு சக்கரத்தை இறக்கி, அவர் தகரக் கூரையை நசுக்கிச் சாய்ந்து நின்றது. அம்பாள் புண்ணியத்தில் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. விளக்கு வைக்கும் நேரம் வரை நெம்பித் தூக்கினார்கள். கோயில் ஆட்கள் என்னைச் சுற்றி நின்று என்ன நடந்தது என்று கேட்டார்கள். பயந்து குதித்தேன் என்று சொன்னால் சக்கரம் போய்விடும். என் அப்பா தலையில் கட்டின பரிவட்டம் வேறொருவன் தலைக்குப் போகும். அந்த ஒரு நொடியில் என் வாயில் வந்தது இதுதான்.

"பிள்ள கத்திட்டா. அதுல கவனம் தப்பிட்டு."

சொன்னதோடு விட்டேனா. நீ மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தாய், எனக்கு அடிபட்டிருக்குமோ என்று. அத்தனை பேர் பார்க்க உன் கன்னத்தில் அறைந்தேன். நீ அழவில்லை. என் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். வேறு எந்த அடியும் எனக்கு நினைவில்லை, அந்த அடி மட்டும் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

நம் ஊரில் தெருவுக்கு ஐந்து கோமதி. அதனால் ஒவ்வொருத்திக்கும் ஒரு முன்பெயர் வைத்துத்தான் கூப்பிடுவார்கள், கிணற்றடிக் கோமு, மளிகைக்கடைக் கோமு என்று. உனக்கு அன்றைக்கு வைத்துவிட்டார்கள், தேரைச் சாய்ச்ச கோமு. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர், தண்ணீர் எடுக்கப் போனால் அந்தப் பெயர். ராயகிரியிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் பாக்கு வெற்றிலை மாற்றும் நாள் வரை வந்து திரும்பிப் போனார்களே, ஜாதகம் பொருந்தவில்லை என்று உன்னிடம் சொன்னோம். பொருந்தத்தான் செய்தது. தேரையே சாய்ச்ச பிள்ளை, வந்த இடத்தைச் சாய்க்காதா என்று அந்தப் பையனின் அத்தை கேட்டாள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். சக்கரத்தை நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். இந்தக் கதை தெரியாத ஊராகத் தேடித்தான் மதுரைக்குப் போனேன். அங்கே ரயில்வே உத்தியோகத்தில் இப்படி ஒரு தங்கமான மாப்பிள்ளை கிடைத்தது என் சாமர்த்தியமில்லை, உன் நல்ல நேரம். கல்யாணமான முதல் ஆடிக்கு முறைப்படி உன்னை இங்கே அழைத்து வந்தோம். தேரன்றைக்குத் தலைவலி என்று புறவாசலில் போய் உட்கார்ந்தாய். நம் வீட்டு வழியாகத் தேர்ச்சத்தம் போகும்போது நீ காதைப் பொத்திக்கொண்டிருந்ததை உன் அம்மா பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு தீபாவளிக்கு வருகிறாய், பொங்கலுக்கு வருகிறாய், ஆடிக்கு வருவதில்லை. ஏன் என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் எப்படித் தெளிந்தேன் என்று கேள். போன வருஷத் தேருக்குப் பிறகு முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. குந்தி உட்கார்ந்து சக்கரம் இழைத்தவன் நின்றுகொண்டு இழைக்கப் பழகினேன். பட்டறைக்கு வருகிறவர்களின் முகம் தெரிய ஆரம்பித்தது. எனக்குப் பதினைந்து வருஷமாகச் சவரம் செய்கிறவருக்கு மூக்கின் மேல் மச்சம் இருக்கிறது என்று சொன்னால், இப்போதுதான் தெரிந்ததா என்று அவர் என்னைக் கோபித்துக்கொள்கிறார். வாழ்க்கையில் இவ்வளவு வேடிக்கை கழுத்து உயரத்தில் நடக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே. எதிர்வீட்டு மாடியில் ஒரு மயில் வந்து உட்காருகிறது. அது பத்து வருஷமாக வருகிறதாம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கோயிலுக்குப் போனேன். சாமியைக் கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது, கோபுர வாசலுக்கு உள்பக்கம் நின்று, நிமிரத்தான் பழகிவிட்டோமே என்று தைரியமாகக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். ஒன்பது நிலையும் அப்படியே என்மேல் சாய்ந்தது. அதே சாய்வு, அதே வேகம். கத்திவிட்டேன். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கூடையைப் பிடித்துக்கொண்டு பிச்சிப்பூவெல்லாம் கொட்டிவிட்டேன். அவள் கோபப்படவே இல்லை, விழுந்து விழுந்து சிரித்தாள். "கோபுரம் எங்கயும் போவல அண்ணாச்சி. மேகம்லா ஓடுது. இங்கன ஒக்காந்து நான் தெனம் பாக்கேன், ஆனி ஆடியில ஒரு நாளைக்கி பத்துப் பேரு இப்படி அலறுதாவ" என்றாள். மறுபடி பார்க்கச் சொன்னாள். கூடையைப் பிடித்துக்கொண்டே பார்த்தேன். மேற்கு மலையிலிருந்து வந்த மேகக்கூட்டம் என் தலைக்குப் பின்னாலிருந்து கோபுரத்தைத் தாண்டிக் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்க்கிறவனுக்கு மேகம் நிற்கிறது, கோபுரம் விழுகிறது. அன்றைக்குத் தேர் என்னை நோக்கி மேற்கே வந்தது, மேகம் கிழக்கே ஓடியது. அவ்வளவுதான் நடந்தது, கோமு.

நான் பன்னிரண்டு வருஷமாக, அம்பாளுக்கு ஏதோ குறை, அதனால்தான் தேர் சாய்ந்தது போலத் தெரிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அம்பாளுக்கு ஒரு குறையும் இல்லை. நீ கூப்பிட்டதிலும் ஒரு தப்பும் இல்லை. என் கழுத்துக்குப் பழக்கமில்லை, மேகத்துக்கு அவசரம். தேர் ஓடினதற்கு இவ்வளவுதான் காரணம். அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் மட்டும்தான் காரணம். கொட்டின பூவைக் கூடையில் அள்ளிப்போடும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது ஏன் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல், விடுங்க அண்ணாச்சி, பூதானே என்று ஆறுதல் சொன்னாள்.

முந்தாநாள் கொடியேற்று. கட்டை போடுகிறவர்களுக்குப் பரிவட்டம் கட்டக் கூப்பிட்டார்கள். என் சக்கரத்தை என் தம்பி மகனுக்கு விடுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். போன இடத்தில், கொடிமரத்துப் பக்கம், வடம் பிடிக்கும் வடக்காரர்களும் கோயில்காரர்களும் நிற்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிள்ளை கூப்பிட்டாள், நான் பார்த்தேன், பயந்தேன், கட்டையை விட்டுவிட்டுக் குதித்தேன், பழியை ஒன்பது வயசுப் பிள்ளைமேல் போட்டேன் என்று சொன்னேன். சுடலைமுத்து அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயசு, கண்ணில் புரை. ஏதோ திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எலே, நீ ஒருத்தந்தான் குதிச்சேன்னு நெனச்சியா? பிள்ள சொன்னான்னு நானும் மேலதான் பாத்தேன். நானும் குதிச்சிட்டேன்ல. நீ நின்னுருப்பேன்னு நெனச்சி இத்தன வருசமா ஒன் மூஞ்சியப் பாக்கக் கூசிக்கிட்டுக் கெடக்கேன்."

யோசித்துப் பார். ஒரு சக்கரத்திலாவது ஒருத்தர் நின்றிருந்தால் தேர் அந்தப் பக்கமாகத் திருகி நின்றிருக்கும். இரண்டும் விட்டதால்தான் நேரே போய் வாறுகாலில் இறங்கியது. சக்கரம் செய்கிற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா. அவர் குதித்தது எனக்குத் தெரியாது, நான் குதித்தது அவருக்குத் தெரியாது, இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு சின்னப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷம் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறோம். முதலில் வடக்காரர்களில் யாரோ சிரித்தார்கள். பிறகு அவர் சிரித்தார். பிறகு நானும் அவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோமா அழுதோமா என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவில்லை, சோற்றை மட்டும் போட்டாள். அது நியாயம்தான். மறுநாள் காலையில், எழுதுங்க, அவளுக்கு எழுதுங்க என்று மட்டும் சொன்னாள்.

சுடலைமுத்து அண்ணாச்சி வீட்டு மதினியைப் பற்றி உனக்குத் தெரியும், அவளுக்கு ஒரு செய்தி கிடைத்தால் தண்டோரா வேண்டாம். சாயந்தரத்துக்குள் நாலு ரதவீதிக்கும் தெரிந்துவிட்டது. நேற்றிலிருந்து பட்டறைக்கு ஆட்கள் சக்கரம் வாங்க வருவதில்லை, என்னைப் பார்க்க வருகிறார்கள். இரண்டு பேர் என்னைக் கேலி செய்தார்கள், வாங்கிக்கொண்டேன். மூலைவீட்டுக்காரர் தகரக்கூரையை நினைவூட்டினார். மற்றவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், பிள்ளை எப்ப வருது என்று. தெருப்பெண்கள் உன் அம்மாவிடம், பாவம் கோமு, பாவம் கோமு என்கிறார்களாம். நேற்று முழுவதும் நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், யாருமே அந்த முன்பெயரைச் சொல்லவில்லை.

அன்றைக்கு அறைந்ததற்கும், அதைவிட அதிகமாக அதற்குப் பிறகு வாய்மூடி இருந்ததற்கும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அப்பன் மகளிடம் மன்னிப்புக் கேட்பது நம் வீடுகளில் வழக்கமில்லை, ஆகவே எப்படிக் கேட்பது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நீ கோபமாக இருந்தால் இருந்துகொள், அதற்கும் உனக்கு உரிமை உண்டு. ஒன்பது வயசுப் பிள்ளை ஒரு அழகான பொருளைக் கண்டு, அதை அப்பாவும் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டது. அதைப்போல நல்ல காரியம் நான் என் ஆயுசில் செய்ததில்லை. உன் பிள்ளை அரிசிப் பானையைக் காட்டி உன்னைக் கூப்பிட்டால், கைவேலையை வைத்துவிட்டு அவள் உயரத்துக்குக் குனிந்து பார்.

தேருக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. மதுரையில் காலை ரயில் ஏறி விருதுநகரில் மாறினால் மத்தியானம் இங்கே இறங்கிவிடலாம், மாப்பிள்ளைக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வரமுடியாவிட்டால் அதையும் புரிந்துகொள்வேன், அதை வைத்து ஒன்றும் நினைக்கமாட்டேன். வந்தால் பிள்ளையை உன் அம்மா வாங்கிக்கொள்வாள், நீ கையை வீசிக்கொண்டு வா. இந்த வருஷம் எனக்குக் கட்டையும் இல்லை, சக்கரமும் இல்லை. உன் பக்கத்தில் நின்று தேர் பார்க்கலாம் என்று ஆசை. ஆடிக்காற்று இப்போதே பலமாக அடிக்கிறது, அன்றைக்கும் மேகம் ஓடத்தான் செய்யும். காரணம் தெரிந்த பிறகும் தனியாக நின்று அண்ணாந்து பார்க்க எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டால் பார்த்துவிடுவேன்.

உன் அப்பா